அப்பாவின் 1998 செல்போன் பில் – இன்கமிங்குக்கும் காசு கட்டின காலம் யாருக்கு ஞாபகம் இருக்கு?

மாதவரம்_மலர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் அம்மா வீட்டு பீரோவை ஒழிச்சோம். அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அவரோட தட்டை மட்டும் இத்தனை நாளா யாரும் தொடல. எல்ஐசி ரசீது, லாரி பெர்மிட் நகல், பழைய ரேஷன் கார்டு, எல்லாத்துக்கும் அடியில ஒரு ஜவுளிக்கடை கவர். உள்ள ஒரு கட்டு காகிதம். ரப்பர் பேண்டைத் தொட்டதுமே பொடியா உதிர்ந்துடுச்சு. பிரிச்சுப் பார்த்தா 1998ஆம் வருஷத்து செல்போன் பில்லுங்க, மாசம் தவறாம அடுக்கி வச்சிருக்கார்.

அப்பா மாதவரத்துல லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தினார். எங்க தெருவுல முதல் செல்போன் அவரோடதுதான். மேல கட்டைவிரல் நீளத்துக்கு ஆன்டெனா இருக்கும். சட்டைப்பையில வச்சா பை இழுத்துக்கிட்டுத் தொங்கும், அதனால இடுப்பு பெல்ட்டுல தோல் உறை போட்டு மாட்டியிருப்பார். எனக்கு அப்போ ஏழு வயசு. அந்த உறையோட பட்டனைத் திறந்து மூடற சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்தச் சத்தம் கேட்டா அப்பா வீட்டுக்கு வந்துட்டார்னு அர்த்தம்.

பில்லுல மாச வாடகை 156 ரூபாய்னு இருக்கு. அப்புறம் வெளிய பேசின கால் எல்லாம் நம்பரோட வரிசையா இருக்கு. அதுக்குக் கீழே தனியா இன்கமிங். அதுல நம்பர் கிடையாது, தேதி, நேரம், எவ்வளவு நேரம் பேசினார், எவ்வளவு காசு, அவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அப்பா பென்சிலால டிக் போட்டிருக்கார். அது எனக்குப் புரியுது, லாரி ஓனருங்ககிட்ட கணக்குல சேர்த்து வாங்கறதுக்கா இருக்கும்.

புரியாதது வேற. ராத்திரி எட்டே முக்காலை ஒட்டி ஏறக்குறைய தினமும் ஒரு இன்கமிங் வந்திருக்கு. எல்லாமே பத்து விநாடி, பன்னெண்டு விநாடி. கால் நிமிஷம் தாண்டினது ஒண்ணுகூட இல்லை. அந்த வரிகள்ல மட்டும் டிக் இல்லை. மாசக் கடைசியில அதை மட்டும் தனியா கூட்டி, ஓரத்துல சின்னதா எழுதி வட்டம் போட்டிருக்கார்.

அந்தக் காலத்துல செல்போன் வச்சிருந்தவங்க யாராவது இருக்கீங்களா? வர்ற போனுக்கு எதுக்கு நாம காசு கட்டணும்? நம்பர் ஏன் இல்லை? உங்க அனுபவம் எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

---

பழைய_டவர் எழுதியது:

மலர், முதலில் ஒரு வேண்டுகோள். அந்த பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிக் போட்ட பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், வெப்பத்தில் அச்சு மங்கிவிடும்.

நான் 1996 முதல் இந்தத் துறையில் இருந்தவன். டவரில் ஏறி ஆன்டெனா கட்டுவதில் தொடங்கி, பிறகு பில்லிங் பிரிவு. இந்தியாவில் முதல் செல்போன் கால் 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து பேசினார், மறுமுனையில் டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம். சென்னையில் அப்போது இரண்டே நிறுவனங்கள், ஸ்கைசெல்லும் ஆர்.பி.ஜி. செல்லுலாரும். 98400 என்று தொடங்கினால் ஸ்கைசெல், 98410 என்றால் ஆர்.பி.ஜி. நம்பரைச் சொன்னதுமே எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். பிற்பாடு முன்னது ஏர்டெல் ஆனது, பின்னது ஏர்செல்லிடம் போனது.

நீங்கள் சொல்லும் 156 ரூபாய் வாடகை சரிதான், அது அரசு நிர்ணயித்தது. 1999இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அதை 600 ரூபாயாக ஏற்றி, பேசும் கட்டணத்தைக் குறைத்தது. அதற்கு முன்பு உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை போகும்.

இன்கமிங்குக்கு ஏன் காசு என்று கேட்டீர்கள். யாராவது வீட்டு போனிலிருந்து செல்லுக்கு அடித்தால், அவர் சாதாரண லோக்கல் கால் காசைத்தான் கட்டுவார். அந்தக் காசு தொலைபேசித் துறைக்குப் போகும். ஆனால் டவரிலிருந்து உங்கள் கையில் இருக்கும் கருவி வரைக்கும் அந்தக் குரலைக் கொண்டுவர ஒரு செலவு உண்டு இல்லையா? அதை அடித்தவரிடமிருந்து வாங்கி செல் கம்பெனிக்குப் பிரித்துக் கொடுக்க அன்றைக்கு ஏற்பாடு இல்லை. ஆகவே செல் வைத்திருப்பவர் தலையில் விழுந்தது. கூப்பிடுபவரே முழுக்கக் கட்டட்டும் என்று 1999இல் டிராய் ஓர் ஆணை போட்டது. அது டெல்லி உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கடைசியில் 2003 மே 1 முதல்தான் நம்பர் எதுவானாலும் இன்கமிங் இலவசம் என்று ஆனது. அன்றிலிருந்து கூப்பிடுபவரின் கம்பெனி, எடுப்பவரின் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும். அந்தத் தொகை தேய்ந்து தேய்ந்து 6 காசுக்கு வந்து, 2021 ஜனவரி 1 அன்று பூஜ்யமானது. உங்கள் அப்பாவின் பில்லில் ஆரம்பித்த கணக்கு அன்றைக்குத்தான் முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையில் நம்பர் காட்டுவதே அப்போது தனிக் கட்டணச் சேவை. பலர் வாங்கமாட்டார்கள். போன் அடித்தால் யாரென்று தெரியாமல்தான் எடுப்போம். பில்லில் நம்பர் இல்லாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

---

ராயபுரம்_நடராசன் எழுதியது:

படிக்கும்போதே மனம் நிறைகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். 2000இல் என் மகன் வற்புறுத்தி ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். பேசுவதற்கு முன் என்ன பேச வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டுதான் எண்ணை அழுத்துவேன். "நலமா, பணம் வந்தது, சனிக்கிழமை வருகிறேன்." முப்பது விநாடியில் முடிந்துவிடும். அந்த முப்பது விநாடியும் முழுக் கவனத்தோடு இருக்கும்.

அப்போது ஒரு மரியாதையும் இருந்தது. செல்லுக்கு அடித்தால் எதிரில் இருப்பவரின் காசு கரைகிறது என்று தெரியும். எடுத்த எடுப்பில் "பேசலாமா, வீட்டுப் போனுக்கு வரட்டுமா?" என்று கேட்போம். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று குரல் கொடுப்பது போல. இன்று காசு இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. என் பேரன் மணிக்கணக்கில் பேசுகிறான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. வார்த்தைக்கு விலை இருந்தபோது வார்த்தைக்கு மதிப்பும் இருந்தது என்பது என் எண்ணம்.

---

கம்பம்_செல்வி எழுதியது:

ஐயா, நீங்க பெரியவங்க, ஆசிரியர் வேற. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா கடைசியா சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். எனக்கு நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டுச் சொல்லுங்க.

1997ல எனக்குக் கல்யாணம். நாப்பத்தஞ்சாவது நாள் அவர் ஷார்ஜாவுக்குப் போயிட்டார். வீட்டுல போன் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மஞ்சள் போர்டு மாட்டின எஸ்டிடி பூத் ஒண்ணு. அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்னைக்கு சாயங்காலம் பூத்துக்கு அடிப்பார். பூத்துல இருக்குற பையன் சைக்கிள்ல வந்து "அக்கா, ஷார்ஜா போன்"னு கத்துவான். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அடிப்பார், அதுக்குள்ள நாங்க எல்லாரும் ஓடணும். வந்த போனுக்கு பூத்துக்கும் காசு குடுக்கணும், பையன் கூப்பிட வந்ததுக்கும் சேர்த்து. இன்கமிங்குக்குக் காசுங்கறது செல்போனுக்கு முன்னாடியே எங்க ஊர்ல இருந்துச்சு.

அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒருத்தர்தான் நிக்கலாம். முதல்ல மாமியார், அப்புறம் மாமனார், அப்புறம் கொழுந்தன், வட்டிக்காரர் வந்தாரு, தோட்டத்து மோட்டார் ரிப்பேருன்னு எல்லாம் சொல்லி முடிப்பாங்க. அங்க அவருக்குக் காசு ஓடிக்கிட்டே இருக்கும். எங்கிட்ட ரிசீவர் வரும்போது மத்தவங்க காதோட சூடு அதுல இருக்கும். "நல்லா இருக்கியா?"ம்பார். "ம்"பேன். வெளிய ஆறு பேர் பாத்துக்கிட்டு நிப்பாங்க. "சரி, வச்சுர்றேன், காசு ஓடுது"ம்பார். அவ்வளவுதான் ஐயா. ஆறு வருஷம் எங்க கல்யாண வாழ்க்கை அந்த "ம்"முலதான் ஓடுச்சு.

பேசறதுக்குக் காசுன்னா, அந்தக் காசை யார் முதல்ல செலவழிக்கணும்னு வீட்டுல ஒரு வரிசை வந்துரும். அந்த வரிசையில மருமக கடைசி.

2003ல எங்க ஊர்ப் பக்கம் பி.எஸ்.என்.எல். டவர் வந்து, இன்கமிங்கும் ஃப்ரீ ஆனப்புறம், எங்க அண்ணன் ஒரு பழைய செட்டை எனக்குக் குடுத்துச்சு. அந்த வெள்ளிக்கிழமை நான் மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போய் உக்காந்தேன். அவர் அடிச்சார். "பக்கத்துல யாரு?"ன்னார். "யாருமில்ல"ன்னேன். ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரல. அவருக்குக் காசு ஓடிக்கிட்டு இருக்கு, இருந்தாலும் வைக்கல. மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தேன், அந்த நெடியில கண்ணு எரியுதுன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன்.

மலரு, நீ அந்த பில்லைப் பத்திரமா வச்சுக்கம்மா.

---

ஹாஸ்டல்_17 எழுதியது:

செல்வி அக்கா, இதைப் படிச்சிட்டு எங்க அம்மாவுக்கு போன் போட்டேன். எங்க அப்பாவும் சவுதிதான். அம்மாவும் இதே பூத் கதையைச் சொன்னாங்க, இத்தனை வருஷத்துல நான் ஒருநாள்கூட கேட்டதில்ல.

எங்க காலம் உங்களுக்கெல்லாம் அடுத்தது. 2004, திருச்சியில இன்ஜினியரிங். இன்கமிங் ஃப்ரீ ஆயிடுச்சு, அவுட்கோயிங்தான் பிரச்னை. ஒரு ரூமுக்கு நாலு பேர், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நோக்கியா 1100. டார்ச் இருக்கும்ல, கரண்ட் போனா அந்த வெளிச்சத்துலதான் படிப்போம். சிம் மட்டும் ஆளாளுக்குத் தனி. பின்மூடியைக் கழட்டி, பேட்டரியை எடுத்து, சிம்மை மாத்திப் போட்டு, அம்மாவுக்கு மிஸ்டு கால். ஊர்ல இருந்து அவங்க கூப்பிடுவாங்க.

மிஸ்டு காலுக்கே ஒரு இலக்கணம் வச்சிருந்தோம். ஒரு ரிங்குன்னா வந்து சேர்ந்துட்டேன். ரெண்டு ரிங்குன்னா கூப்பிடு. மூணு ரிங்கு விட்டு மறுபடி மூணு ரிங்குன்னா அவசரம், யார் பேலன்ஸ்ல இருந்தாவது உடனே அடி. அம்மா எண்ணிக்கிட்டே இருப்பாங்களாம், கையில ஆட்டுக்கல் குழவி இருந்தாலும் எண்ணிடுவாங்களாம். பஸ்ல வரும்போது டவர் போயி பாதியில கட் ஆனா கணக்கு தப்பிடும். ஒரு தடவை நான் ஒரு ரிங்கு குடுத்தது ரெண்டாப் போயி, அம்மா பயந்துட்டாங்க.

சுரண்டற கார்டு பத்தி யாரும் சொல்லலையே. ரூம்மேட்டோட அப்பாவுக்கு ஆபரேஷன். ராத்திரி பத்து மணிக்கு பேலன்ஸ் தீந்துடுச்சு. மூடப்போற கடையில கெஞ்சி ஒரு கார்டு வாங்கிட்டு ஓடி வந்தான். பதட்டத்துல நாலணாவை வச்சு அழுத்திச் சுரண்டினதுல வெள்ளிப் பூச்சோட கடைசி எண்ணும் சேர்ந்து போயிடுச்சு. டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தோம், சாய்ச்சுப் பார்த்தோம், மூணா எட்டான்னு தெரியல. தப்பா அடிச்சா பிளாக் ஆயிடும்னு கடைக்காரர் முதல்லயே சொல்லியிருந்தார். அவன் கை நடுங்குது. நான் வாங்கி எட்டுன்னு அடிச்சேன். "ரீசார்ஜ் வெற்றி"ங்கற மாதிரி ஒரு மெசேஜ் வந்துச்சு. அவன் என் தோள்ல சாஞ்சு அழுதுட்டான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.

160 எழுத்துக்குள்ள ஒரு மெசேஜ். இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழை அடிப்போம், அதனால ல, ள, ழ எல்லாமே ஒண்ணுதான். தீபாவளி, நியூ இயர் அன்னைக்கு மட்டும் மெசேஜுக்குன்னு போடற பூஸ்டர் பேக் வேலை செய்யாது, மெசேஜுக்குக் காசு பிடிப்பாங்க. அதனால முந்தின நாள் ராத்திரி பதினொன்றரைக்கே எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பிடுவோம்.

---

புது_சிம் எழுதியது:

நான் 2004ல பிறந்தவன். இன்கமிங்குக்குக் காசுன்னு எங்க மாமா சொல்லும்போது சும்மா சொல்றார்னு நினைச்சேன். ஒரு சந்தேகம். காசு போகும்னா எடுக்காமலே விட்டுடலாமே? அப்புறம் எதுக்கு செல்போன்?

---

ரயில்பெட்டி எழுதியது:

தம்பி, எடுக்காமல் விட்டவன் நான். அதனால் இதற்கு நான் பதில் சொல்வதுதான் சரி.

மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். சென்னை நம்பர். செல் சேவையில் அப்போது சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம். தமிழ்நாட்டு வட்டத்தில் ஏர்செல்லும் பி.பி.எல்.லும் ஓடிக்கொண்டிருந்தன. எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால், செங்கல்பட்டு நெருங்கும்போது திரையில் நம் செல் கம்பெனிப் பெயர் மறைந்துவிடும். கொஞ்ச நேரம் வெறுமை. அப்புறம் வேறொரு பெயர் வந்து உட்காரும். அதன் பிறகு வருவதும் ரோமிங், போவதும் ரோமிங். பெட்டியில் செல்போன் வைத்திருந்த எல்லோரும் அந்த இடத்தில் ஒருமுறை இடுப்பைத் தடவிக்கொள்வார்கள். அணைக்கிற ஓசை ஒவ்வொன்றாகக் கேட்கும். நானும் அணைத்துவிடுவேன். மருந்துக் கம்பெனி ரோமிங் காசு தராது.

2001 ஐப்பசியில் ஒரு இரவு அப்படி அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மதுரையில் இறங்கி, லாட்ஜுக்குப் போய், குளித்து, டாக்டர்களைப் பார்த்து முடித்து, மத்தியானம் ஒரு ரூபாய் காயின் போனிலிருந்து தங்கை வீட்டுக்கு அடித்தேன். அம்மாவை முந்தின நாள் இரவு பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரவெல்லாம் எனக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "நீங்கள் தொடர்புகொள்ளும் சந்தாதாரர்" என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்ததாம். தங்கை அந்தக் குரலிடமே "எங்க அண்ணனைக் கூப்பிடுங்க" என்று அழுதிருக்கிறாள்.

நான் திரும்பிப் போனபோது அம்மாவுக்கு நினைவு இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

நடராசன் ஐயா, வாசலில் நின்று குரல் கொடுக்கும் மரியாதை என்று அழகாகச் சொன்னீர்கள். உண்மைதான், அப்படி ஒன்று இருந்தது. ஆனால் நான் அந்த வாசலைச் சாத்திவிட்டுத் தூங்கினேன், காசுக்காக. நிமிடத்துக்குச் சில ரூபாய்தான். இன்றைக்கும் ராத்திரி போனை நான் அணைப்பதில்லை, சைலண்டில்கூடப் போடுவதில்லை. வீட்டில் திட்டுகிறார்கள்.

---

தேக்கா_முருகன் எழுதியது:

அண்ணே, மனசு கனத்துப் போச்சு.

நான் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பாத்தவன், 1999லேர்ந்து. ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு, அதான் அங்க இருக்கற லிட்டில் இந்தியாவுக்கு வந்தா முதல் வேலை போன் கார்டு வாங்கறதுதான். கார்டுல இத்தனை நிமிஷம்னு போட்டிருக்கும், பேசினா அதுல பாதிதான் வரும். நீளமா நம்பர் அடிச்சு, அப்புறம் ரகசிய நம்பர் அடிச்சு, அப்புறம் ஊர் நம்பர். நடுவுல ஒண்ணு தப்பினா முதல்லேர்ந்து. "உங்களுக்கு ஒரு நிமிடம் மீதம் உள்ளது"ன்னு நடுவுல ஒரு குரல் வரும் பாருங்க, அது வந்ததும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தவங்ககூட சமாதானமாயிடுவாங்க. கோபத்தோட வச்சா அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்கணுமே. என் வீட்டுக்காரியும் நானும் அந்த ஒரு நிமிஷத்துல தீத்துக்கிட்ட சண்டை எத்தனையோ.

செல்வி தங்கச்சி சொன்ன வரிசை எங்க வீட்டுலயும் இருந்துச்சு. எங்க அம்மா பேசி முடிச்சாத்தான் அவளுக்கு. நான் இந்தப் பக்கம் நின்னு அதை ஒரு நாளும் யோசிச்சதில்ல. இன்னைக்கு யோசிக்கிறேன்.

---

ராயபுரம்_நடராசன் எழுதியது:

செல்வி அம்மா, ரயில்பெட்டி தம்பி, இருவர் எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். வார்த்தைக்கு விலை இருந்தால் மதிப்பு இருக்கும் என்று எழுதியது நான்தான். அதை மாற்றிக்கொள்கிறேன். எனக்கு ஓய்வூதியம் இருந்தது, வீட்டில் தனியாகப் போன் இருந்தது, என்ன பேசுவது என்று தாளில் எழுதிக்கொள்ள நேரமும் இருந்தது. நான் அளந்து பேசியது என் விருப்பத்தினால். செல்வி அம்மாவுக்கு அடுத்தவர் அளந்து கொடுத்தார்கள்.

ஆனால் "பேசலாமா?" என்று கேட்டுவிட்டுப் பேசும் பழக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குக் காசு தேவையில்லை.

---

பழைய_டவர் எழுதியது:

ரயில்பெட்டி, உங்கள் பதிவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த "சந்தாதாரர்" அறிவிப்பு ஓடும் கருவியை நான் என் கையால் சரிபார்த்திருக்கிறேன். மறுமுனையில் யார் நிற்கிறார்கள் என்று அன்று நினைத்துப் பார்த்ததில்லை.

விலை எப்படி இறங்கியது என்று புது_சிம் போன்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், இரண்டு வரிதான். 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல் சேவைக்கு வந்தது, அடுத்த ஆண்டு ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று இறங்கியது. 2006 மார்ச்சில் நாடு முழுக்க நிமிடம் ஒரு ரூபாய், 2009இல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு காசு. பில்லிங் பிரிவில் எங்களுக்கு ஒவ்வொன்றும் இரவு முழுக்க விழித்திருக்கிற வேலை. விநாடிக்கணக்கு வந்த அன்று, ஏழு விநாடி பேசினவருக்கு ஏழு காசு மட்டும் கழிந்ததைத் திரையில் பார்த்தபோது, நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மலர், உங்கள் பில்லுக்கு வருகிறேன். இரண்டு கேள்வி. அந்த எட்டே முக்கால் மணி கால் ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கிறதா? மே மாதத்தில் இருக்கிறதா?

---

மாதவரம்_மலர் எழுதியது:

சார், நீங்க கேட்டதும் 1998 காலண்டரை எடுத்து வச்சுப் பார்த்தேன். ஞாயிறு ஒண்ணுகூட இல்லை. மே மாசத்துல முதல் மூணு வாரம் சுத்தமா இல்லை, கடைசி வாரத்துல மறுபடி ஆரம்பிக்குது. எப்படி சார் கேட்டீங்க?

---

பழைய_டவர் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா வீட்டில் இருந்திருப்பார். மே மாதம் உங்களுக்கு முழு ஆண்டு விடுமுறை, நீங்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பீர்கள். அம்மாவிடம் கேளுங்கள்.

---

கம்பம்_செல்வி எழுதியது:

கேளு மலரு. கேட்டுட்டு வந்து எங்களுக்கும் சொல்லு.

---

மாதவரம்_மலர் எழுதியது:

கேட்டேன். ரெண்டு நாளா எழுத உக்காந்து முடியல, அதான் லேட்டு.

அம்மாகிட்ட பில்லைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, விரலை வச்சு அந்த வரிகளை ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க. முதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம் அந்த வட்டத்துல விரலை வச்சு, "இதைத் தனியா கூட்டி வேற வச்சிருக்காரா?"ன்னு கேட்டாங்க.

அப்போ எங்க வீட்டுல லேண்ட்லைன் இருந்துச்சு. அப்பா ஆபீஸ்ல ராத்திரி பத்து, பதினொண்ணு ஆகும். என்னையும் தம்பியையும் அம்மா எட்டரைக்குப் படுக்க வச்சிடுவாங்க. பிள்ளைங்க சாப்பிட்டுத் தூங்கிட்டாங்கன்னு அப்பாவுக்குத் தெரியணும், அவர் அதைக் கேட்காம சாப்பிட மாட்டாராம். செல்லுக்கு அடிச்சா அவருக்குக் காசு போகும். அதனால அம்மாவே ஒரு ஏற்பாடு பண்ணாங்களாம். "எட்டே முக்காலுக்கு ரெண்டு ரிங்கு விட்டு வச்சிடுவேன். நீங்க எடுக்க வேணாம். தூங்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கங்க."

நான் கேட்டேன், எடுக்காம இருந்தா பில்லுல எப்படிம்மா வரும்னு.

"எங்க எடுக்காம இருந்தாரு? ரெண்டாவது ரிங்கு முடியறதுக்குள்ள எடுத்துடுவாரு. 'எதுக்கு எடுத்தீங்க, காசு போகுது, வைங்க'ன்னு கத்துவேன். 'சரி சரி'ம்பாரு. வச்சிடுவேன். மறுநாளும் எடுப்பாரு. தினமும் இதே கதைதான்."

அந்தப் பத்து விநாடியில அப்பா கேட்டது அம்மா திட்டறதை மட்டும்தான். எங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லை. வருஷம் முழுக்கக் காசு குடுத்து அதைத்தான் கேட்டிருக்கார்.

அம்மா பில்லை மடிச்சாங்க. புதுசா ஒரு ரப்பர் பேண்ட் கேட்டு வாங்கிப் போட்டு, தன்னோட தலையணைக்குப் பக்கத்துல இருக்கற பெட்டியில வச்சுக்கிட்டாங்க. ஸ்கேன் பண்ணணும்மான்னு சொன்னேன். "அப்புறம் தரேன்"னாங்க. இன்னும் தரல.